நிறைந்து திரும்பும் கோப்பை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

நானும் என் இடுப்பு வலியும் நலம். நீங்கள், அண்ணி, உங்கள் முழங்கால், மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த வருஷம் உங்கள் வீட்டில் சுகம் குறையக்கூடாது என்று ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று நீங்கள் போட்ட சட்டம் நல்ல சட்டம்தான். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது.

ஒரு காரியமாக எழுதுகிறேன். மே முதல் வாரம் எங்கள் சபையில் பெண்கள் கூட்டம். ஆண்டவர் ஆற்றிய துக்கம் ஒன்றைப் பற்றி நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். அதே வாரம் அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அப்பாவின் கடைசி மணி நேரத்தைத் தவிர எனக்குச் சொல்ல வேறு என்ன இருக்கிறது? பக்கவாதத்தில் இரண்டு வருஷம் பேச்சில்லாமல் கிடந்த மனிதர், மகன் கையைப் பிடித்து ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடினார். நான் வேலை செய்யும் இந்த முதியோர் இல்லத்தில் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தை முழுதாக எழுதி அனுப்புங்கள். கூடவே, ஏதாவது வேண்டுமென்றால் அப்பா கட்டில் கம்பியில் தட்டுவாரே, அந்த ஸ்பூனையும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

அண்ணிக்கு என் முத்தம்.

உங்கள் பட்டாணி

*

ஜனவரி 30

அன்புத் தங்கச்சி,

இறைவன் அருளால் வீட்டில் எல்லாரும் சுகம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் கருத்தைச் சொல்கிறது. உன் இடுப்புக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? ஊரிலிருக்கும் கிழவர்களுக்கெல்லாம் கொடுப்பாய், உனக்குக் கொடுத்துக்கொள்ள மாட்டாய்.

சாட்சி சொல்லப் போவது சந்தோஷம். எதைச் சொன்னாலும் சுருக்கமாகச் சொல். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷமும் பேசுகிற ஆசிரியரைவிட, முப்பதில் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுகிறவரைத்தான் பிள்ளைகள் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

நான் இப்போது சபையில் பெரிய பதவியில் இருக்கிறேன். திருவிருந்துக்குத் திராட்சரசம் ஊற்றுவதும், முடிந்தபின் கோப்பைகளைக் கழுவுவதும் என் வேலை. கட்டைவிரல் உயரத்துக் கண்ணாடிக் கோப்பைகள். வந்திருக்கும் தலைகளை எண்ணி, தலைக்கு ஒன்றாக ஊற்றித் தட்டில் அடுக்க வேண்டும். எப்படி எண்ணி ஊற்றினாலும் ஒரு கோப்பை மட்டும் நிறைந்தபடியே திரும்பி வருகிறது. அதைப் பின்வாசலில் இருக்கும் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவிடுகிறேன். மாதம் ஒரு வாய்தான், ஆனாலும் தெருவிலேயே அதுதான் செழிப்பான செடி.

ஸ்பூனைத் தேடிப் பார்க்கிறேன். வீடு வெள்ளையடித்தபோது சாமான்கள் இடம் மாறிவிட்டன.

உன் அண்ணி உனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறாள். கை ஒன்று நீளமாகப் போய்விட்டது, கவலைப்படாதே, உன்னைத்தான் மாற்றிக்கொள்ளச் சொல்வாள்.

அன்புடன்,
அண்ணன்

*

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுகம் என்று அறிந்து ஆறுதல். நான் கேட்டது அப்பாவைப் பற்றி. வந்தது குரோட்டன்ஸைப் பற்றி.

தனித்தனியாகக் கேட்கிறேன், பரீட்சைத் தாள் மாதிரி. என்ன ஜெபம் செய்தீர்கள்? அப்பா உங்கள் கையை அழுத்தினாரா? பாட்டுப் பாடினீர்களா? கண்ணைத் தானாக மூடினாரா, நீங்கள் மூடினீர்களா?

ஏன் இப்படித் துருவுகிறேன் என்று நினைப்பீர்கள். உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த வாரம் எனக்கு விடுமுறை கிடைத்திருந்தது. வரலாம் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். கூட வேலை செய்கிறவள் தன் தங்கை கல்யாணம் என்று கேட்டாள். "அப்பா எங்கயும் போயிட மாட்டாரு, நான் அடுத்த வாரம் போறேன்" என்று சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே, அண்ணா.

நான் இல்லை என்றாலும் நீங்கள் இருந்தீர்கள். அந்த ஒன்றை வைத்துத்தான் நான் எழுந்து வேலைக்குப் போகிறேன். ஆகவே தயவுசெய்து எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டாணி

*

மார்ச் 15

அன்புத் தங்கச்சி,

சளி பிடித்து இரண்டு வாரம் படுத்திருந்தேன். அதனால்தான் தாமதம். இப்போது பரவாயில்லை. நீ சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

விடுமுறையை மாற்றிக் கொடுத்ததை இத்தனை வருஷம் சுமந்துகொண்டிருக்கிறாயே. ஒரு உதாரணம் சொல்கிறேன். எனக்கு ஒரு மாணவி இருந்தாள். பரீட்சை முடிந்து விடைத்தாளைக் கொடுத்துவிட்டுப் போவாள். மறுநாள் காலையில் ஆசிரியர் அறை வாசலில் நிற்பாள். "சார், அந்த மூணாவது கணக்க ஒரு தடவ பாத்துட்டு தந்துடறேன் சார்." அதற்கடுத்த நாளும் வருவாள். "நீ குடுத்தாச்சும்மா. இனிமே அது என் கையில. நான் திருத்துவேன், நீ போய் விளையாடு" என்பேன். போக மாட்டாள். ஆண்டவரிடம் கொடுத்ததை நாமும் இப்படித்தான் வாசலில் நின்று திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கொடுத்துவிட்டாய். விட்டுவிடு.

அப்பா அமைதியாகப் போனார். அதற்குமேல் என்ன எழுதுவது?

ஸ்பூன் கிடைக்கவில்லை.

அண்ணன்

*

மார்ச் 24

அன்புள்ள அண்ணா,

சளி விட்டதா? மிளகு ரசம் வைத்துத் தரச் சொல்லி அண்ணிக்குப் போன் செய்தேன். அண்ணியோடு போனில் பேசக்கூடாது என்று சட்டத்தில் இல்லை.

பேச்சுவாக்கில் ஸ்பூனைப் பற்றிக் கேட்டேன். அண்ணி, "அவர் மேஜை டிராயர்ல, சாக்பீஸ் டப்பாக்குள்ளதாம்மா இருக்கு. எடுத்து எடுத்துப் பாப்பாரு" என்றார்கள். "நான் சொன்னேன்னு எழுதிடாதே" என்றும் சொன்னார்கள். எழுதிவிட்டேன், மன்னிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இங்கே தினமும் நாற்பது பேருக்குச் சின்னக் கிண்ணத்தில் மாத்திரை கொடுக்கிறேன். எப்போதாவது ஒரு கிண்ணம் அப்படியே திரும்பி வரும். ஆரம்பத்தில் மறந்துபோனார்கள் என்று நினைப்பேன். மறப்பதில்லை அண்ணா. வாய்விட்டுச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவர்களுக்குள் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு நாள் சொல்வார்கள்.

முப்பத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒவ்வொரு மாதமும் ஒரு தலையைக் கூடுதலாக எண்ண மாட்டார். அந்தக் கோப்பை யாருடையது?

பட்டாணி

*

ஏப்ரல் 26

அன்புத் தங்கச்சி,

நீ சுகமாக இருக்க வேண்டுகிறேன். இதைப் படித்து முடிக்கும்போதும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஆறாவது.

கோப்பை என்னுடையது. மூன்று வருஷமாக நான் திருவிருந்து எடுக்கவில்லை. ஊற்றுகிறவன், கழுவுகிறவன் என்று கையில் வேலை வைத்துக்கொண்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றுதான் அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன்.

அன்றைக்கு மதியம் இரண்டு மணி இருக்கும். உன் அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தாள். அப்பா காலையிலிருந்து நாற்பது தடவை தட்டியிருந்தார். எண்ணிக்கொண்டிருந்தேன், பழக்கம். தண்ணீரா என்றால் இல்லை, தலையணையா என்றால் இல்லை, ஜன்னலா என்றால் இல்லை. ஓடிப்போய் நின்றால் என் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். திரும்பி வாசற்படி தாண்டுவதற்குள் மறுபடியும் டிங், டிங்.

நாற்பத்தோராவது தடவை நான் போய், "அப்பா, பத்து நிமிஷம். பத்தே நிமிஷம் என்ன விடுங்க" என்று சொல்லி, ஸ்பூனை அவர் கையிலிருந்து எடுத்தேன். கெட்டியாகப் பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எடுத்து அலமாரியில், அவருக்கு எட்டாத தட்டில் வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன். சத்தமே இல்லை. நன்றாக இருந்தது தங்கச்சி. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பத்து நிமிஷம் அரை மணி நேரமாகியது. கீழேயிருந்து உன் அண்ணி கூப்பிட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பாவின் கை கட்டில் கம்பிமேல் இருந்தது. வெறும் கை.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "கடைசியில பக்கத்துல இருந்தீங்களா சார்?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். மாலைக்குள் அது ஜெபமாகிவிட்டது. அடக்க ஆராதனையில் மற்றவர்கள் சொன்னபோது கையைப் பிடித்திருந்ததும் சேர்ந்துவிட்டது. போனில் நீ அழுதுகொண்டே, "நீங்க இருந்தீங்கல்லண்ணா?" என்று கேட்டாய். "இருந்தேன்" என்றேன். அந்த ஒரு சொல்லை மட்டும் என் வாயால் சொன்னேன்.

உன் அண்ணிக்கு எல்லாம் தெரியும். அவள் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. ஆண்டவரிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அவர் மன்னிப்பார் என்று நம்புகிறேன். ஆனால் சபையே என்னை நல்ல மகன் என்று பார்க்கும்போது அந்தக் கோப்பையை எடுக்கக் கை வரவில்லை. உனக்கு விடைத்தாள் உபதேசம் செய்தவன் தன் தாளை இன்னும் சட்டைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறான்.

நீ சாட்சி சொல்வதற்கு முன்பு இது வந்து சேர வேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஸ்பூன் உள்ளே இருக்கிறது.

அண்ணன்

*

மே 20

அன்புத் தங்கச்சி,

நலமா? பார்சல் கிடைத்ததாகத் தபால் ஒப்புதல் அட்டையில் உன் கையெழுத்து வந்தது. உன் எழுத்து வரவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. விடை தெரியும்வரை காத்திருக்கப் பழகியவன்தான்.

போதகர் ஐயாவிடமும் போய்ச் சொன்னேன். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "கோப்பை திரும்புறது எனக்கு மூணு வருஷமா தெரியும் சார். நீங்களா சொல்லணும்னு இருந்தேன்" என்றார். எனக்காக ஜெபித்தார். நான் அழுதேன். கிளம்பும்போது, "அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்த வேற ஆள் பாத்துக்கலாம் சார்" என்றார். சிரிப்பு வந்தது, ஆனாலும் அடுத்து வந்த திருவிருந்திலும் நான் எடுக்கவில்லை. உன்னிடமிருந்து ஒரு வரி வராமல் எப்படி எடுப்பது?

ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. இரண்டு கையும் இப்போது ஒரே நீளம்.

அண்ணன்

*

ஜூன் 3

அண்ணா,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள்.

கூட்டத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. மூன்று வருஷமாக நான் ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு கையே இல்லை என்கிறீர்கள். அதைச் சொல்லி எத்தனை பேரை ஆறுதல்படுத்தினேன். இப்போது அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

கோபமாக இருக்கிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் உங்களோடு சண்டைதான் போடுகிறேன். கொஞ்ச நாள் எழுத மாட்டேன்.

முழங்காலோடு மாடி ஏறாதீர்கள்.

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும் என்று இன்று மனசார ஜெபித்தேன். சண்டை போடாமல்.

ஸ்பூனைப் பையிலேயே வைத்திருந்தேன். ஜூன் கடைசியில் இங்கே ஒருவர் வந்து சேர்ந்தார். கட்டட வேலை செய்தவர், மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறோம். அப்பாவைப் போலவே பேச்சில்லை, ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கூப்பிடு மணியின் பொத்தானை அவரால் அழுத்த முடியவில்லை. என்ன நினைத்தேனோ, ஸ்பூனை எடுத்து அவர் கையில் கொடுத்துக் கம்பியில் தட்டிக் காட்டினேன். மனிதர் பிடித்துக்கொண்டார்.

முதல் வாரம் ஒவ்வொரு டிங்குக்கும் ஓடினேன். உங்களுக்குக் காட்டுவதற்காகவே ஓடினேன் என்று நினைக்கிறேன். பாருங்கள், இப்படித்தான் ஓட வேண்டும் என்று.

மூன்றாவது வாரம் ஒரு நாள் நானும் எண்ணினேன். அறுபத்திரண்டாவது டிங் கேட்டதும் படுக்கை விரிப்பு வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மடித்த விரிப்புகளுக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். நன்றாக இருந்தது அண்ணா. நீங்கள் எழுதிய அதே சொல்.

வெளியே வந்ததும் கூட வேலை செய்கிறவள், "எங்கடி போன?" என்றாள். "பெட்ஷீட் எண்ணிட்டு இருந்தேன்" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? தேடவே வேண்டியிருக்கவில்லை. நாக்கின் நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது.

மேஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அது ஒன்றுதான். வேறு எதுவும் இல்லை.

மறுபடியும் அதே அறைக்குள் போய் மண்டியிட்டேன். அந்த விடுமுறையைச் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்ததைச் சொன்னேன். பெட்ஷீட் பொய்யைச் சொன்னேன். உங்கள்மேல் வைத்திருந்த கோபத்தையும் கொடுத்தேன். மறுநாள் காலையில் வாசலில் போய் நின்று திருப்பிக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது, போகவில்லை.

ஒன்றை எழுதலாமா என்று யோசித்தேன். நம் வீட்டில் மறைத்தது போதும். மேஸ்திரிக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் தட்டுவதில்லை. அப்பாவும் அப்படித்தான் தட்டியிருப்பார். இது உங்களுக்கு வலிக்கும். ஆனால் இதையும் சேர்த்துப் பாருங்கள்: முன்பு இருந்த இடத்தில் மேஸ்திரி கூப்பிடுவதையே விட்டுவிட்டாராம், யாரும் வரவில்லை என்று. வருகிற ஆள் இருந்தால்தான் மனிதர் தட்டுவார். அப்பா இரண்டு வருஷம் தட்டினார். கடைசி நாள் நாற்பத்தொரு தடவை தட்டினார். நாற்பத்தொரு தடவையும் நீங்கள் வருவீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

இப்படிக் கணக்குப் போட்டு மன்னிப்பு வராது, தெரியும். அது ஆண்டவர் கையில் இருக்கிறது, ஏற்கெனவே கொடுத்தும் விட்டார். என் பங்குக்கு நான் கொடுக்க வேண்டியது ஒரு வரி. மன்னித்துவிட்டேன் அண்ணா. என்னையும் மன்னியுங்கள், ஒரு வாரம் கழித்து வரலாம் என்று நினைத்ததற்கு.

போன வாரம் பெண்கள் கூட்டம் மறுபடி கூடியபோது சாட்சி சொன்னேன். நடந்ததை நடந்தபடி. உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான். பெயரைச் சொல்லவில்லை, "என் அண்ணன்" என்றுதான் சொன்னேன். எனக்கு இருப்பது ஒரே அண்ணன் என்பது பாதிப் பேருக்குத் தெரியும், அதற்கு நான் என்ன செய்ய? முடிந்ததும் மூன்று பெண்கள் என் பின்னாலேயே வந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரு மாடி இருந்தது, ஒரு அரை மணி நேரம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லையாம்.

அந்தக் கோப்பையை எடுங்கள். அடுத்த தடவையே எடுங்கள்.

உங்கள் பட்டாணி

*

செப்டம்பர் 6

அன்புத் தங்கச்சி,

சுகம். முழங்கால்கூட இந்த வாரம் வாயைத் திறக்கவில்லை. நீயும் மேஸ்திரியும் சுகம்தானே? அவர் தட்டட்டும். உனக்கு முடியாத நேரத்தில் கூட வேலை செய்கிறவளை அனுப்பு, அவளுக்கும் விரிப்பு அறை எங்கே இருக்கிறது என்று காட்டி வை.

உன் கடிதத்தை உன் அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். அந்த மதியத்தைப் பற்றி முதல் தடவையாகப் பேசினோம். "நீங்க கீழ இறங்கி வந்தப்போ உங்க மூஞ்சியப் பாத்தேன். கேக்க மனசு வரல" என்றாள். அப்புறம், "அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணுங்க, சட்டமும் நீங்களும்" என்றாள். ஆகவே அடுத்த ஞாயிறு மாலை பேசுவேன். மூன்றாவது நிமிஷம் சண்டை வந்தால் வரட்டும், நாலாவது நிமிஷமும் பேசுவோம்.

இன்று திருவிருந்து. அறுபத்தெட்டுத் தலை, அறுபத்தெட்டுக் கோப்பை. ஊற்றும்போது மேஜை விரிப்பில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. வரிசையின் கடைசியில் போய் நின்றேன், உன் அண்ணி எனக்கு முன்னால். போதகர் ஐயா தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். பரீட்சை அறையில் கடைசியாக எழுதுகிற பிள்ளைக்காகக் காத்திருக்கிற ஆசிரியர் மாதிரி. எடுத்தேன். இவ்வளவு சின்னக் கோப்பைக்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று இருந்தது.

பிறகு பின்வாசலில் உட்கார்ந்து கழுவினேன். ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை எண்ணினேன். அறுபத்தெட்டும் காலி.

குரோட்டன்ஸுக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு செம்பு ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இனி அதற்கு அதுதான்.

அன்புடன்,
உன் அண்ணன்